ஜாவாவின் பெருஞ் சேகண்டி

மத்திய ஜாவாவில், ஜனங்கள் ஸோலோ என்று அழைக்கும் ஸுரகார்த்தா நகரத்திலிருந்து நதியைக் கடந்து கிழக்கே சென்றால் விருன் என்னும் கிராமத்தை அடையலாம். கமெலான் என்ற வாத்தியக் கோஷ்டிக்குரிய வெண்கல வாத்தியங்கள் அங்கே செய்யப்படுகின்றன. நாம் போன காலையில், ஊர் கண்ணுக்குத் தெரியுமுன்பே சம்மட்டி ஓசை நம்மை வரவேற்றது.

நம்முடன் வந்த நண்பர் மனைவியை இழந்தவர். ஒரு வருஷமாக நல்ல நித்திரையை அறியாதவர். மேனாட்டு நகரங்களில் 'கோங் ஸ்நானம்' என்று ஒரு முறை இப்போது பரவியிருக்கிறது. பாயிலே கண்மூடிப் படுத்திருப்பவர்கள்மீது தண்ணீருக்குப் பதிலாகக் கோங்கின் நாதம் பாயும்! அதை ஒருமுறை அனுபவித்த நண்பர், "இந்த வாத்தியம் பிறக்கும் இடத்திற்கே போனால் என் நோய் தீராதா?" என்று புறப்பட்டுவிட்டார்.

நமது கோயில் சேகண்டி தட்டையான தகடு. ஜாவாவின் 'கோங் அகெங்' என்னும் பெரிய கோங்கோ, நடுவிலே குமிழும் ஓரத்திலே ஆழ்ந்த விளிம்பும் உடையது. குறுக்களவு ஏறக்குறைய 3 அடி. செம்பு 10 பங்குக்கு வெள்ளீயம் 3 பங்கு சேர்த்து உருக்கித் தட்டாக வார்க்கிறார்கள். பிறகு கரி உலையில் சிவக்கக் காய்ச்சி, பலர் சூழ்ந்து நின்று முறைவைத்து அடிக்கிறார்கள். ஆறிய பின் அடித்தால் உலோகம் விண்டுவிடும். ஆகையால் மறுபடியும் உலை, மறுபடியும் அடி. முடிவில் தண்ணீரில் தோய்க்கிறார்கள். எஃகு அதனால் கடினமாகும். இந்த வெண்கலமோ நொறுங்கும் தன்மை குறையப் பெறும். நமது ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த கிண்ணங்களிலும் வெள்ளீயம் மிகுந்த வெண்கலம் உண்டென்பதை நினைத்தபோது, அந்தப் பட்டறை நமக்கு அந்நிய ஸ்தலமாகத் தோன்றவில்லை.

அங்கிருந்த முதிய கன்னாரிடம் நண்பர் துபாஷி மூலம் தமது கேள்வியைக் கேட்டார். கிழவர் காதருகே கையை வைத்துக்கொண்டு, மீண்டும் கேட்கச் சொன்னார். பிறகு சிரித்து, "நாற்பது வருஷச் சம்மட்டிச் சத்தத்தில் என் காதே மந்தமாகிவிட்டது. நோயைத் தீர்ப்பது வைத்தியர் வேலை. கோங்கின் வேலை என்னவென்று அரண்மனையில் போய்க் கேளுங்கள்" என்றார்.

ஸோலோவின் மங்குநெகரான் அரண்மனை மண்டபத்தில் 'கியாய் கன்யுத் மெஸெம்' என்ற கமெலான் இருக்கிறது. புன்னகையில் அடித்துச் செல்லப்படுதல் என்பது அப்பெயரின் கருத்து. வாத்தியங்களை ஒருவரும் தாண்டிச் செல்வதில்லை, அவ்வளவு மரியாதை. சிறிய வாத்தியங்கள் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்க, பெரிய கோங் மட்டும் காத்திருக்கிறது. ஓர் ஆவர்த்தம் பூர்த்தியாகும் இடத்திலே ஒரே ஒரு அடி! அந்த நாதம் ஏறியும் இறங்கியும் அலையலையாய்ப் பரவுகிறது. காதைவிட மார்பே அதை முதலில் உணர்கிறது. அது அடங்குமுன் அடுத்த ஆவர்த்தம் தொடங்கிவிடுகிறது.

நண்பரின் கண்களில் நீர் வழிந்தது. "முடிந்தது என்று சொல்லவும் ஒரு வாத்தியம் வேண்டியிருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு அவர் விடியுமட்டும் உறங்கினார். மறுநாள் இரவு வழக்கம்போல் விழித்திருந்தார். ஆகவே கோங் நோயைத் தீர்த்தது என்று நாம் எழுதத் துணியோம். கிண்ண நாதத்தைப் பற்றி அமெரிக்காவில் 62 பேரைக் கொண்டு நடந்து, 2016-ம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சியும், கேட்டவர்களின் மன இறுக்கம் தணிந்தது என்று சொல்கிறதேயன்றி, ஒப்பிட வேறொரு கூட்டத்தை வைத்துச் சோதிக்கவில்லை. ஆயினும், துயருற்ற மனிதருக்கு ஓரிரவு நித்திரை அற்பமானதன்று.

2021-ம் வருஷம் கமெலான் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. அந்தக் கௌரவம் உலைக்களம் வரையில் எட்ட வேண்டும். பாயில் படுத்து நாதத்தில் இளைப்பாறும் அன்பர்கள், அதைப் பிறருக்கு அளிப்பதற்காகத் தம் செவியைக் கொடுத்த அந்தக் கிழவரையும் சற்றே நினைப்பார்களாக.