பீச் டு சிந்தாதிரிப்பேட்டை – ஒரு கேமரா யாத்திரை

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா கல்யாண போட்டோ கிடையாது. கல்யாணம் நடந்தது நிஜம். நானே சாட்சி. போட்டோதான் இல்லை.

1984-ல் நடந்த அந்தக் கல்யாணத்தில் அப்பாவின் பெரியப்பா பையன் ஒருவர் இரவல் கேமராவில் 36 படம் எடுத்தார். பந்தி நடக்கும்போது ‘எல்லாம் நல்லா விழுந்திருக்கா’ என்று பார்க்க ஆசைப்பட்டு, பிலிமைத் திருப்பிச் சுற்றாமலே கேமராவின் முதுகைத் திறந்தார். வெயில் உள்ளே புகுந்தது. அத்தனையும் காலி. மனிதர் அன்று பாயசம்கூடச் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டதாகக் கேள்வி. ஒரு வாரம் கழித்து ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் இரண்டு பேரும் பல் டாக்டரிடம் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்கள் போலவே இருப்பார்கள்.

அப்பாவுக்கு இப்போது 70. வருகிற தை மாதம் திருக்கடையூரில் பீமரத சாந்தி. மறுபடி மாலை, மறுபடி தாலி. அம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

“இந்தத் தடவையாவது போட்டோ ஒழுங்கா வரணும்டா.”

“போன்லயே எடுத்துடலாம்மா.”

“உன் போன்லதானே போன தீபாவளி போட்டோவெல்லாம் இருந்துது? எங்க, காட்டு?”

காட்ட முடியாது. அந்த போன் தண்ணீர் டிரம்மில் விழுந்து அமரத்துவம் அடைந்துவிட்டது. பேக்கப் எடுக்காத பாவி நான். “சரி, போட்டோகிராபர் வெச்சுடலாம்” என்றேன். “வேணாம். தாலி கட்டினதை ‘இன்னொரு தடவை கட்டுங்க சார்’ம்பாங்க. நீயே எடு” என்று தீர்ப்பு வந்தது.

ஆகவே கேமரா. சட்டைப் பையில் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமரா. பெரிய சென்சார் வைத்த நல்ல காம்பாக்ட் புதிதாக வாங்கினால் அரை லட்சத்தைத் தாண்டும். என் பட்ஜெட் 18 ஆயிரம். செகண்ட் ஹாண்ட்தான் கதி.

நான் பி.காம். எதற்கும் கணக்குப் போடாமல் பர்ஸைத் திறக்க மாட்டேன். நாலு ராத்திரி படித்து, இரண்டு பேரை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுவந்தேன். ஒன்று, 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100. மற்றது, 2013-ல் வந்த கேனன் பவர்ஷாட் எஸ்120. நோட்டில் நடுவே கோடு கிழித்து ஐந்தொகை மாதிரி எழுதினேன்.

கேனன் பக்கம்: லென்ஸ் 24 மில்லிமீட்டரில் ஆரம்பிக்கிறது. சோனி 28-ல்தான். இதில் நம்பர் குறைந்தால் காட்சி அகலம். ஜூம் 5 மடங்கு, சோனிக்கு 3.6 மடங்கு. தொடுதிரை உண்டு. வைஃபை உண்டு. எடை 217 கிராம், சோனி 240. விலையும் குறைவு. மொத்தம் ஆறு வரவு.

சோனி பக்கம்: வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குகிற சென்சார் பெரிசு. கேனனுடையதைப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு பரப்பு. 20 மெகாபிக்ஸல்; கேனன் 12. ஒரு தடவை சார்ஜ் செய்தால் கம்பெனிக் கணக்கில் 330 படம், கேனன் 230. மொத்தம் மூன்று வரவு.

ஆறுக்கு மூன்று. கணக்குப்படி கேனன். ஆனாலும் சாமானைக் கண்ணால் பார்க்காமல் கணக்கை முடிக்கக் கூடாது என்று சனிக்கிழமை காலை குரோம்பேட்டையில் ரயில் ஏறினேன்.

பீச் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ராஜாஜி சாலை. ஒரு பக்கம் துறைமுகத்து லாரி, இன்னொரு பக்கம் பாங்க் கட்டிடங்கள். பாரிமுனைப் பக்கம் நடந்தால் வரிசையாகப் பெட்டி பெட்டியாகக் கடைகள். அதுதான் பர்மா பஜார். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணிகளையெல்லாம் அரசே எடுத்துக்கொண்டபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே பிழைத்த தமிழர்கள் கப்பல் ஏறித் திரும்பினார்கள். அவர்கள் பிழைக்க 1969-ல் உருவானது இந்த பஜார். என் மாமா காலத்தில் ஃபாரின் சென்ட்டும் டூ-இன்-ஒன்னும் வேண்டுமென்றால் இங்கேதான் வருவார்கள். இப்போது போன் கவர், ஹெட்போன், சார்ஜர், வாட்ச். நடந்துபோனாலே “என்ன வேணும் சார்?” என்று பதினெட்டு பேர் கேட்பார்கள். ‘ஒன்றும் வேண்டாம்’ என்று சொல்ல ஒரு மன உறுதி வேண்டும். அது எனக்கு இல்லாததால் முதல் பத்து நிமிஷத்திலேயே ஒரு டார்ச் லைட் வாங்கிவிட்டேன்.

பழைய கேமரா வைத்திருந்த கடையில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் கேனன் எஸ்120. 14 ஆயிரம் என்றார். சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன். “தாராளமா” என்றார்.

பழைய காம்பாக்ட் வாங்கப் போகிறவர்கள் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மெமரி கார்டை நீங்களே கொண்டுபோங்கள். ஒரு முழு நியூஸ்பேப்பரைச் சுவரில் ஒட்டி நேராக நின்று எடுங்கள். நாலு மூலையிலும் எழுத்து ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒரு மூலை மட்டும் குழம்பினால் லென்ஸ் எங்கோ அடி வாங்கியிருக்கிறது. பிறகு வெள்ளைச் சுவரை முழு ஜூமில், துவாரத்தைச் சின்னதாக வைத்து எடுங்கள். கறுப்புப் பொட்டு தெரிந்தால் அது உள்ளே போன தூசி. நீண்டு சுருங்குகிற லென்ஸ் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காற்றை உறிஞ்சுகிறது. காற்றோடு தூசியும் போய்விடும். லென்ஸ் கழற்ற முடியாத கேமரா என்பதால் நாமே துடைக்க முடியாது. கடைசியாக, பத்துத் தடவை ஜூம் செய்து காதில் வைத்துக் கேளுங்கள். கரகரவென்றால் வணக்கம் சொல்லிவிடுங்கள். அதே பெட்டியில் இருந்த மூன்றாவது கேமரா ஒன்றை ஆன் செய்தேன். வெளியே வந்த லென்ஸ் உள்ளே போக மாட்டேன் என்றது, விருந்துக்கு வந்த மச்சான் மாதிரி.

கேனன் எல்லாப் பரீட்சையிலும் பாஸ். 11,500-க்கு இறங்கினார். “ஒரு இடம் பார்த்துட்டு வரேன் பாய்” என்றேன். இந்த வாக்கியத்தை ஆயிரம் தடவை கேட்டிருப்பார். சிரித்தார்.

சோனி இருந்தது ரிச்சி தெருவில். பீச்சிலிருந்து பறக்கும் ரயில், ஐந்து ரூபாய் டிக்கெட், மூன்றாவது ஸ்டேஷன் சிந்தாதிரிப்பேட்டை. இறங்கி மவுன்ட் ரோடு பக்கமாக நடந்தால், தெருவே ஒரு ரேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்த மாதிரி வரும். டெல்லிக்கு நேரு பிளேஸ் மாதிரி சென்னைக்கு ரிச்சி. ஒயர், ரெஸிஸ்டர், ஸ்பீக்கர், கீபோர்டு, அதற்கு மேலே போர்டுகள், அதற்கு மேலே ஆகாயம் கொஞ்சம். பைக் ஒன்று போனால் மனிதர் ஒதுங்க வேண்டும். மனிதர் ஒதுங்க இடம் கிடையாது.

“கேமரா இருக்கா?” என்று முதல் கடையில் கேட்டேன்.

“இருக்கு சார். நாலு சானலா, எட்டு சானலா?”

“போட்டோ எடுக்கிற கேமரா.”

“இதுவும் எடுக்கும் சார். 24 மணி நேரமும் எடுக்கும்.”

இரண்டு கடை தள்ளியும் இதே கதை. ரிச்சியில் கேமரா என்றால் சிசிடிவி என்று புரிய அரை மணி ஆனது. விசாரித்து விசாரித்து ஒரு மாடிப்படி ஏறினேன். அங்கே ஒரு இளைஞர், உடைந்த லென்ஸ்களுக்கு நடுவே மைக்ரோஸ்கோப்பில் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போனில் கேட்டு வைத்திருந்த சோனி அவரிடம்தான். 21 ஆயிரம் என்று ஆரம்பித்து 17-ல் நின்றார். அதே நியூஸ்பேப்பர், அதே கார்டு, அதே வெள்ளைச் சுவர். இதுவும் பாஸ்.

டீக்கடையில் உட்கார்ந்து மறுபடி நோட்டைத் திறந்தேன். இப்போது குரூப் போட்டோ ஞாபகம் வந்தது. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் கேனனில் சுமார் 4.3 மீட்டர் அகலம் விழும். சோனியில் சுமார் 3.9. வித்தியாசம் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் குடும்ப அளவையில் அது ஒரு பெரியத்தை. பெரியத்தையை விட்டுவிட்டு குரூப் போட்டோ எடுத்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். கூடவே 5,500 ரூபாய் மிச்சம். தீர்மானித்துவிட்டேன். மறுபடி ஐந்து ரூபாய் டிக்கெட், பீச்.

சாயங்காலமாகியிருந்தது. அத்தோ வண்டிகளில் கூட்டம். பெரிய நூடுல்ஸில் வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையால் பிசைந்து, பக்கத்தில் வாழைத்தண்டு சூப். ரங்கூனிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த ருசி. ஒரு பிளேட்டை முடித்துவிட்டு பாய் கடைக்குப் போனேன்.

பாய் கேமராவைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “எதுக்குத் தம்பி வாங்குறீங்க?”

சொன்னேன். 1984 கதையையும் சேர்த்து. அவர் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

“எத்தனை அடி தள்ளி நிப்பீங்க?”

“அஞ்சாறு அடி. சொந்தக்காரங்க நெருக்கியடிச்சு நிப்பாங்க.”

“வெளிச்சம்?”

“மண்டபம் கொஞ்சம் இருட்டுதான். ஹோமம் நடக்கும். அப்புறம் ரெண்டு பேரையும் உட்கார வெச்சு கலசத் தண்ணிய ஊத்துவாங்க.”

“புகையில ஃப்ளாஷ் அடிச்சா படம் வெள்ளையாப் பூத்துடும். ஃப்ளாஷ் இல்லாம எடுத்தா தண்ணி ஊத்துற கை அசையும், முகம் அசையும். வேகமா எடுக்கணும். வேகமா எடுக்க வெளிச்சம் பத்தாது.” ஒரு நிமிஷம் யோசித்தார். “நீங்க பார்த்துட்டு வந்தது எது?”

சொன்னேன்.

“அதையே வாங்குங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பர்மா பஜாரில் கடைக்காரரே ‘என்னிடம் வாங்காதே’ என்று சொல்லிக் கேட்டது அன்றுதான். “பெரியத்தை அடங்க மாட்டாங்களே பாய்?” என்றேன்.

“கூட்டம் அடங்கலேன்னா ரெண்டு அடி பின்னால போங்க தம்பி. வெளிச்சம் பத்தலேன்னா எங்க போவீங்க?”

நாலு ராத்திரி படித்தவன் வாயை மூடிக்கொண்டேன். பி.காம் முதல் வருஷத்திலேயே மெட்டீரியாலிட்டி என்று ஒரு சமாச்சாரம் சொல்லிக்கொடுத்தார்கள். எத்தனை பதிவு என்பதைவிட எந்தப் பதிவு கணக்கைப் புரட்டிப்போடும் என்பதுதான் முக்கியம். வைஃபையும் பெரிய சென்சாரும் என் நோட்டில் தலா ஒரு வரியாக உட்கார்ந்திருந்தன. திருக்கடையூர் மண்டபத்தில் இரண்டும் ஒன்றில்லை. எந்தக் கேமரா நல்லது என்று நாலு நாளாகக் கேட்டவன், எந்தப் படத்துக்கு என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

“வியாபாரம் போச்சே பாய்?”

“இது வேற யாராவது வாங்கிடுவாங்க.” கேனனைப் பெட்டிக்குள் வைத்தார். “நான் ரங்கூன்ல பொறந்தவன். ஆறு வயசுல கப்பல்ல வந்தோம். கட்டின துணியோட வந்த கேஸு. அங்க எங்க வீட்டு வாசல்ல ஒரு மரம் இருந்துச்சாம். மாமரம்னு நான் சொல்வேன். இல்ல, பலான்னு எங்க அண்ணன் சொல்வாரு. அம்மா இருந்தவரைக்கும் கேட்டுக்கலை. இன்னிக்கும் சண்டை ஓடிக்கிட்டிருக்கு. ஒரே ஒரு போட்டோ இருந்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.” பிறகு, “கடை சாத்திடுவான், ஓடுங்க” என்றார்.

மூன்றாவது ஐந்து ரூபாய் டிக்கெட். மாடிப்படி. 17 ஆயிரம்.

அன்றிரவு ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, சாமி விளக்கு வெளிச்சத்தில் அம்மாவை உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். அசையாமல் விழுந்திருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

“எனக்கு இவ்வளவு நரைச்சுடுத்தா?”

“அழிச்சுடட்டுமா?”

“வேணாம், இருக்கட்டும். பிரின்ட் போட்டுக் குடு.”

செலவுக் கணக்கு எழுதினேன்: கேமரா 17,000, பறக்கும் ரயில் 15, அத்தோ, டீ, தேவையில்லாத டார்ச் லைட் தனி. தை மாதம் எடுக்கப்போகிற படங்களில் ஒரு பிரதி கூடத்துக்கு, ஒரு பிரதி பர்மா பஜாருக்கு.

குரூப் போட்டோவுக்கு இரண்டு அடி பின்னால் போனால் பெரியத்தையும் விழுவார் என்று அப்பாவிடம் விளக்கினேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

“போறதுக்கு முன்னால ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டுப் போ. கோயில்ல பின்னால குளம் இருக்கும்.”