ரோங்கோலெயில் ஒரு பிறப்புப் பதிவு

மகள் லியோனில் இருக்கிறாள். போன முறை அங்கே போயிருந்தபோது மாப்பிள்ளை எங்களைக் காரில் இத்தாலிக்கு அழைத்துப் போனார். பார்மா நகரத்துக்கு வடமேற்கே, போ நதிச் சமவெளியில், ரோங்கோலெ என்று ஒரு குக்கிராமம். சுற்றிலும் வயல். சங்கீத மேதை வெர்தி பிறந்த ஊர் என்பதால் ஊர்ப்பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள்.

அவர் பிறந்ததாகக் காட்டும் வீடு சாதாரண ஓட்டு வீடுதான். தகப்பனார் கார்லோ அதில் சிறு விடுதியும் மளிகைக் கடையும் வைத்திருந்தார். பக்கத்திலேயே தூய மிக்கேல் கோயில். வெர்தி ஞானஸ்நானம் பெற்றதும் ஆர்கன் பழகியதும் அங்கேதான். புஸ்ஸேத்தோவுக்குப் படிக்கப் போன பிறகும், ஞாயிறுதோறும் ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்து வாசிப்பாராம். அந்தப் புஸ்ஸேத்தோவில் அவர் பெயரில் சின்னதாக ஒரு தியேட்டர் உண்டு. பணம் கொடுத்தார், ஆனால் 1868-ல் நடந்த திறப்பு விழாவுக்குப் போகவில்லை. கோபக்காரர் போலிருக்கிறது.

என் மனம் மட்டும் அவருடைய பிறப்புப் பதிவிலேயே நின்றது. மகள் வைத்திருந்த பிரெஞ்சுப் புத்தகத்தில் அதைப் படித்திருந்தேன். 1813-ல் அந்தப் பகுதி நெப்போலியனின் பிரான்சோடு சேர்ந்திருந்ததால் பதிவும் பிரெஞ்சில்! ஜுசெப்பே 'ழொசேப்' ஆகிவிட்டார். கார்லோ 'ஷார்ல்', தாயார் லுயீஜா 'லூயிஸ்'. வருடத்தை எழுத்தால் எழுதும் அதே நடை. புதுச்சேரியில் நான் வேலைக்காலம் முழுதும் புரட்டிய பழைய ஏடுகளேதான்.

பதிவில் இருப்பது 1813 அக்டோபர் 10. தாயார் சொல்லி வைத்தது 1814. அறுபது வயது தாண்டும்வரை வெர்தி தாயார் கணக்கையே நம்பியிருக்கிறார்.

அதைப் படித்ததும் எனக்கு ஒரு கிழவியின் ஞாபகம் வந்தது. மகன் வேலை விஷயமாக வந்தவள். "புயலடிச்ச வருஷம் பொறந்தான் ஐயா, பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள். ஏட்டைத் திருப்பிக் காட்டி, "எழுதினது எழுதினதுதாம்மா, போய்ட்டு வாங்க" என்றேன். அவளுக்குத் தமிழே படிக்கத் தெரியாது, ஏடோ பிரெஞ்சில்.

விதிப்படி நான் செய்தது சரி. ஏடும் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவளை உட்காரச் சொல்லி, அந்தப் பதிவைத் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கலாம். அவள் புருஷன் பெயர், சாட்சி நின்றவர்கள் பெயர் எல்லாம் அதில் இருந்தன. ஐந்து நிமிட வேலை.

ரோங்கோலெ கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். "யாருக்குப்பா?" என்றாள் மகள். பெயர் மறந்துவிட்டது என்றேன்.