சாச்சா பிரித்த கடல் கள்ளர்கள்

கற்பிட்டிப் பக்கத்து எத்தாளையில் நாங்கள் விளையாடிய கள்ளன் பொலிஸில் பொலிஸே கிடையாது. எல்லாரும் கடல் கள்ளர்கள். கரையேற்றிய தோணிகள்தான் கப்பல்கள். கருவாட்டு வாடிக்குப் பின்னாலிருந்த மணல்மேடு கோட்டை. இருட்டியதும் உம்மும்மா கூப்பிடுவா: "கப்பக் கள்ளன் வாறான், ஊட்டுக்கு வாங்க புள்ளயள்!"

உம்மும்மாவின் கள்ளனுக்கு முகமில்லை. முகம் கொடுத்தவர் சாச்சா. வலையின் கிழிசலைத் தைத்தபடியே சொல்லுவார். 1344இல் மாலைதீவிலிருந்து போன பயணி இப்னு பதூதாவின் கப்பல் காற்றில் விலகிப் புத்தளம் பக்கம் ஒதுங்கியது. மாலுமிகளுக்கு இறங்கப் பயம். ஆரியச் சக்கரவர்த்தியின் துறை இது, அவன் கொள்ளைக் கப்பல் வைத்திருப்பவன் என்றார்கள். அந்த அரசனோ அவரோடு பாரசீகம் பேசி, முத்துக் கொடுத்து, பாவா ஆதம் மலைக்குப் பல்லக்கில் அனுப்பிவைத்தான். பிறகு மலபார்க் கரையில் பன்னிரண்டு கப்பல்கள் சூழ்ந்து, இலங்கை அரசன் கொடுத்த மணிகளோடு எல்லாவற்றையும் பறித்துக்கொண்டன. மிஞ்சியது இடுப்புக் காற்சட்டை ஒன்றுதான். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டும்.

கள்ளர்களை வகை பிரிப்பதில் சாச்சாவுக்குத் தனி ஆசை. கரீபியன் தீவுகளில் பரண் கட்டி இறைச்சியைப் புகையில் வாட்டியவர்கள் பக்கனியர். பரணுக்கு வழங்கிய பெயரே அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. "எங்கட வாடிக்காரர் மாதிரித்தான்" என்பார். அரசனிடம் கடிதம் வாங்கி எதிரியின் கப்பலை மறித்தவர் பிரைவேட்டியர். சமாதானம் வந்த பிறகும் மறித்தால் அவரும் கள்ளர். கண்டி அரசனின் வணிகத்தை மறிக்க ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கற்பிட்டிக் கோட்டையையும் சாச்சா இந்தக் கணக்கில்தான் சேர்ப்பார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

குஞ்ஞாலி மரைக்கார்கள் கதைக்கு வந்தால் வலை கீழே போய்விடும். அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஓடிய கடலில் ஓடுவதற்குப் போர்த்துக்கேயர் 'கர்த்தாஸ்' என்று சீட்டு விற்றார்கள்; சீட்டில்லாத கப்பலைப் பிடித்தார்கள். அதை எதிர்த்து நின்ற, கள்ளிக்கோட்டை அரசர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களைக் கொள்ளையர் என்று எழுதினார்கள். சீதாவாக்கை அரசன் மாயாதுன்னைக்கு உதவப் புறப்பட்ட மரைக்கார்களின் படை, 1538இல் எங்களுக்கு எதிர்க்கரையான வேதாளையில் தோற்றது. நாலாம் குஞ்ஞாலி, உயிருக்கு உறுதி கிடைத்ததென்று நம்பிச் சாமூதிரியிடம் சரணடைந்தார். அவரைப் போர்த்துக்கேயர் கையில் கொடுத்துவிட்டார்கள். 1600இல் கோவாவில் கொன்றார்கள்.

"சீட்டுக் கேட்டவன் கள்ளனா, கேக்காம ஓடினவன் கள்ளனா? சொல்லுங்க மகன்!"

நாங்கள் தொண்டை கிழியக் கத்துவோம்.

2000 டிசம்பரில் இந்தியா குஞ்ஞாலி மரைக்காருக்கு அஞ்சல் முத்திரை வெளியிட்டது. மும்பையில் கடற்படைத் தளம் ஒன்றுக்கும் அவர் பெயர்தான். இன்னொன்றுக்கு, ஆங்கிலேயர் கொள்ளையன் என்றே எழுதிய மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கிரேயின் பெயர். சாச்சாவிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நானூறு வருசம்" என்றார். "அடுத்த தரம் வரக்கொள்ள அந்த முத்திரையில ஒண்டு கொண்டு வாங்க மகன்."