ஒரு பாகம், மூன்று மரங்கள்

இயந்திர வரைபடங்களில் பாகங்களை எவ்வாறு படிநிலைப்படுத்துவது என்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. ‘கோப்புகளை அடுக்கி வைப்பதற்கும் ஓர் ஆய்வா?’ என்று நண்பர்கள் பலர் கேட்டுவிட்டனர். அவர்களுக்காக இப்பதிவு.

ஹெர்பர்ட் சைமன் 1962இல் எழுதிய கட்டுரையொன்றில் ஹோரா, டெம்பஸ் என இரு கடிகாரக் கைவினைஞர்கள் வருகின்றனர். இருவர் கடிகாரத்திலும் ஏறத்தாழ 1000 பாகங்கள். டெம்பஸ் அனைத்தையும் ஒரே தொடராகக் கோப்பவர்; தொலைபேசி மணி கேட்டு எழுந்தால் கோத்தவை எல்லாம் உதிர்ந்துவிடும். ஹோரா பத்துப் பத்துப் பாகங்களைச் சிறு தொகுப்புகளாக்கி, அவற்றை மீண்டும் பத்துப் பத்தாக இணைப்பவர். இடையூறு வந்தால் கையிலுள்ள தொகுப்பு மட்டுமே குலையும். ஹோரா செழித்தார், டெம்பஸ் கடையை இழந்தார். கணினி வரைபடத்தில் அசெம்பிளி, சப்-அசெம்பிளி என்று நாம் பிரிப்பதன் நியாயமும் இதுவே.

ஆயினும், ஓர் இயந்திரத்தைப் பிரிக்கும் வழி பல. பெங்களூரில் வடிவமைக்கப்பட்டு 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்த தேஜஸ் போன்ற ஒரு போர்விமானத்தை எண்ணிப் பாருங்கள். அத்தகைய விமானத்தின் உடலுக்குள் ஓடும் குழாய் ஒன்று வடிவமைப்பாளருக்கு ஹைட்ராலிக் அமைப்பின் உறுப்பு. கோப்பவருக்கு உடற்பகுதியின் உறுப்பு. பழுது பார்ப்பவருக்கோ, இன்ன மூடியைத் திறந்தால் கைக்கு எட்டும் பொருள். குழாய் ஒன்று, மரங்கள் மூன்று.

மரத்துக்கொரு நகல் எடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் கண்டேன. பேரிங் கூட்டின் துளையளவைக் குறைத்து வடிவமைப்புக் கோப்புறையில் திருத்தியிருந்தனர். உற்பத்திக் கோப்புறையின் நகல் பழையபடியே கிடந்தது. வார்ப்புகள் பழைய அளவில் கடையப்பட்டன. பெரிதாகிவிட்ட துளையைச் சிறிதாக்க வழியில்லை, எல்லாம் கழிவாயின. விளக்கம் கேட்கப்பட்டவர் லேத்தில் நின்ற தொழிலாளி. தாளில் கண்ட அளவைப் பிசகாமல் கடைந்தவர் அவர்.

ஆகவே ஒரு பாகத்துக்கு ஒரே கோப்பு, ஒரே எண். அவ்வெண்ணில் பாகத்தின் இருப்பிடத்தைப் பொதிய வேண்டாம். இருப்பிடம் மரத்துக்கு மரம் மாறும். மூன்று மரங்களும் அந்த ஒரே கோப்பைச் சுட்டினால், ஓரிடத்துத் திருத்தம் மூன்றிலும் தெரியும்.

தமிழ் படித்தவர்க்கு இது புதிதன்று. திருக்குறளும் பால், அதிகாரம், குறள் என்று கிளைக்கும் மரமே. அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசையில் மணக்குடவரும் பரிமேலழகரும் வேறுபடுகின்றனர். வரிசை எண்ணால் சுட்டினால் உரைக்கு உரை தடுமாற நேரும். முதற்குறிப்பு அகராதியில் தேடினால் அதே குறள் கிடைக்கும்.

பட்டறை நடத்தும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: மரத்தை வகுக்கும்போது கோப்பவரையும் பழுது பார்ப்பவரையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அவர்கள் கை செல்லும் வரிசை வடிவமைப்பாளரின் திரையில் தெரிவதில்லை.