வாகைகுளம் – மீனம்பாக்கம்: ஒரு கணக்கு

கோவில்பட்டியில் யாரிடம் கேட்டாலும், "தூத்துக்குடியில ஏறுனா ஒன்றரை மணி நேரத்துல மெட்ராஸ்" என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் முழுக் கணக்கும் அல்ல.

முதலில் தூரம். நான் காரைக்காலில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். மீட்டர் பிறந்த கதையை எங்கள் வாத்தியார் அடிக்கடி சொல்வார். வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தை ஒரு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கே மீட்டர் என்று 1791-இல் பிரான்சில் முடிவு செய்தார்கள். ஆக, அந்தத் தூரம் 10,000 கிலோமீட்டர். 90 பாகையால் வகுத்தால் பாகைக்கு 111 கிலோமீட்டர். இந்த எண் நினைவிலிருந்தால், அட்லஸை வைத்தே ஆகாயத் தூரத்தைப் போட்டுவிடலாம்.

வாகைகுளத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் அட்சரேகையில் வித்தியாசம் 4¼ பாகை. அது 472 கி.மீ. தீர்க்கரேகையில் இரண்டு பாகைக்குச் சற்று மேல். அது 233 கி.மீ. இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக வைத்தால் கர்ணம் ஏறத்தாழ 530 கி.மீ. மணிக்கு 500 கி.மீ. போகும் ஏ.டி.ஆர். விமானத்துக்கு, ஏற்றம், இறக்கம், ஓடுபாதையில் உருளும் நேரம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம்.

இனி வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுவோம். சென்ற ஆண்டு சென்னையில் என் அக்கா காலமானார். காலை ஆறு மணிக்குச் செய்தி வந்தது. மாலை நான்கு மணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். சாலை வழி ஏறத்தாழ 560 கி.மீ.; காரில் போனால் முகம் பார்க்க முடியாது. ஏழு மணிக்குக் கிளம்பினேன். பசுவந்தனை வழியாகக் கரிசல் காடுகளைத் தாண்டி வாகைகுளம் சேர எட்டரை. அங்கே காத்திருப்பு. பத்தேகாலுக்கு விமானம். பதினொன்றே முக்காலுக்கு மீனம்பாக்கம். நெரிசலில் ஊர்ந்து வில்லிவாக்கம் போய்ச் சேர ஒன்றேகால்.

மொத்தம் ஆறேகால் மணி நேரம். அதில் ஆகாயத்துக்கு ஒன்றரை, மிச்சமெல்லாம் தரையில். ஆனாலும் அக்காவின் பக்கத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார முடிந்தது. சின்ன வயதில் எனக்குத் தலை வாரிவிட்ட கையைக் கடைசியாகப் பிடித்துக்கொள்ள முடிந்தது.

வாகைகுளத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை இப்போது 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. இனி பெரிய ஜெட் விமானங்களும் இறங்கலாம். மகிழ்ச்சிதான். ஆனால் ஜெட் மிச்சப்படுத்துவது அந்த ஒன்றரை மணியில் கொஞ்சத்தைத்தான். நம் ஊரிலிருந்து விடியற்காலையில் நேரே வாகைகுளத்துக்கு ஒரு பஸ் விட்டால், கார் வைக்க வசதியில்லாதவர்களுக்கும் அந்த விமானம் பயன்படும்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வாசலிலிருந்து பிள்ளைகள் வாசல் வரை ஆகும் நேரத்தை ஒரு தாளில் எழுதி, டெலிபோன் பக்கத்தில் வையுங்கள். செய்தி வரும் வேளையில் கணக்குப் போட மனம் ஓடாது.