அருவியோடு இறங்கி வருவது

ஆனி மாதம் மேற்கே மலையில் மேகம் இறங்கிவிட்டால் தென்காசிப் பக்கத்தில் எல்லோருக்கும் இரண்டு நினைப்புதான். அருவியில் தண்ணீர் விழுந்துவிட்டதா? கார் நாற்றுக்குச் சிற்றாற்றில் தண்ணீர் வருமா? இரண்டும் ஒரே தண்ணீர். குற்றாலம் பேரருவியில் ஊர் உலகமே தலை நனைத்த அந்த நீர்தான் சிற்றாறாக ஓடி, அணைக்கட்டுகளில் மறிபட்டு, கால்வாய் வழியே குளம் குளமாக நிரம்பி, மிச்சம் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது.

போன சீசனில் ஒரு காலை நேரம், இலஞ்சிப் பக்கத்து விவசாயி ஒருவரோடு பேரருவிக்குக் கீழே ஆற்றோரமாக நடந்தேன். என்னைவிட மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். மரவேர்களில் ஷாம்பு பாக்கெட் துண்டுகள், நீல நைலான் இழைகள், நைந்த கேரி பேக். அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாதென்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டுப் பல வருடமாகிறது. கேரி பேக், தெர்மாகோல் தட்டு போன்றவற்றுக்கு மாநில அரசின் தடை 2019 ஜனவரி 1 முதலே உண்டு. பாக்கெட்டுக்கு இதெல்லாம் தெரியவில்லை.

"விடுங்க சார், ஒரு வெள்ளம் வந்தா எல்லாத்தையும் கழுவிட்டுப் போயிரும்" என்றார் அண்ணாச்சி.

கழுவிக்கொண்டு போகும் என்பது உண்மைதான். இங்கிலாந்தில் மான்செஸ்டர் வட்டாரத்து ஆறுகளில் ஒரு பெருவெள்ளத்துக்கு முன்னும் பின்னும் ஆற்றுப்படுகையைச் சோதித்தார்கள். படுகையில் கிடந்த நுண்பிளாஸ்டிக்கில் சுமார் 70 சதவீதத்தை வெள்ளம் அடித்துப் போயிருந்தது. அங்கே அது கடலை நோக்கிப் போகும். நமக்கு நடுவில் குளமும் வயலும் இருக்கின்றன.

5 மில்லிமீட்டருக்குக் குறைந்த துண்டுகளைத்தான் நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். வெயிலில் நைந்து, கல்லில் உரசி, கண்ணுக்குத் தெரியாத தூளாகும். சேலை, சட்டையிலிருந்தும் வரும்: 6 கிலோ செயற்கை இழைத் துணியை ஒருமுறை மெஷினில் துவைத்தால் ஏழு லட்சம் இழைகள் வரை உதிரலாம் என்று 2016-இல் கணக்கிட்டார்கள். சீசனில் குற்றாலத்துக்கு வரும் துணியை யார் எண்ணுவது!

மீன் குஞ்சு வளர்ப்பவர்களுக்கு டாஃப்னியா தெரிந்திருக்கும். நாற்றங்கால் குளத்தில் சாணம் கரைத்து விடுவதே இந்த நுண்ணுயிர்களைப் பெருக்கத்தான். டாஃப்னியா தண்ணீரை வடிகட்டி அதிலுள்ள பாசியைத் தின்னும். பாசித்துகள் அளவில் பிளாஸ்டிக் வந்தால் அதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். குடல் நிறைந்துவிடும், சத்து கிடைக்காது. சோதனைச்சாலையில் இப்படி வளர்த்தபோது பல ஆய்வுகளில் தீனி எடுப்பது குறைந்தது, குஞ்சுகளும் குறைந்தன. ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: ஆற்றில் இருப்பதைவிட அதிகமான அளவைக் கொடுத்துச் செய்த சோதனைகள் இவற்றில் நிறைய. அதனால் நம் குளத்தில் நாளையே மீன் இல்லாமல் போகும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் கட்லாவின் தீனியே இந்த மாதிரி மிதவை உயிர்கள்தான்.

ஆற்றில் ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் மணலையும் குச்சியையும் ஒட்டித் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்ட புழு ஒன்று. காடிஸ் ஈயின் குஞ்சு. கிடைத்ததை வைத்து வீடு கட்டும். நெதர்லாந்து அருங்காட்சியகத்தில் சேர்த்து வைத்திருந்த இந்தக் கூடுகளை இப்போது பார்த்தபோது, 1971-இல் எடுத்த ஒன்றிலேயே பிளாஸ்டிக் இருந்ததாம். வேல்ஸ் நாட்டு ஆறுகளில் பிடித்த பூச்சிக் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதியின் உடம்பில் இருந்தது. கொசுப்புழு தின்ற துகள், அது கொசுவாகிப் பறந்த பிறகும் உடம்பிலேயே தங்குவதை ரெடிங் பல்கலைக்கழகத்தார் 2018-இல் காட்டினார்கள். அந்தப் புழுவைத் தின்பது தும்பியின் குஞ்சு. வளர்ந்த தும்பி நம் நெல் வயலில் இலைச்சுருட்டு அந்துப்பூச்சியைப் பிடிக்கும். செலவில்லாத கூலியாள். அதன் சாப்பாட்டில் என்ன சேர்கிறது என்பது நமக்குச் சம்பந்தமில்லாததா?

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலின் அடிச்சேற்றை 10 இடங்களில் எடுத்துச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். எல்லா இடத்திலும் நுண்பிளாஸ்டிக். அதிகம் இருந்தது கேரி பேக் வகைப் பாலித்தீன்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே அண்ணாச்சியின் வயலுக்கு வந்தோம். குளத்துத் தண்ணீர் பாயும் கடைமடை. சுற்றுலாக்காரர்களை நான் திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டவர், கத்தரி போட்டிருந்த மேட்டுத் துண்டைக் காட்டினார்.

"சார், முந்தின வருஷம் நீங்க சொல்லித்தான் மல்ச்சிங் ஷீட் விரிச்சேன். களை வரல, நல்லா இருந்துச்சு. முடிஞ்சதும் ரோட்டவேட்டர் விட்டு உழுதுட்டேன். அது என்ன ஆகும்?"

பதில் வரவில்லை. எத்தனை பேருக்குப் பரிந்துரைத்திருப்பேன்! விரிப்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். எடுப்பதைப் பற்றி ஒரு வரி பேசியதில்லை. மெல்லிய ஷீட் ஒரு பருவ வெயிலிலேயே நைந்துவிடும், உருவினால் கையோடு கிழியும். 25, 30 மைக்ரான் என்றால் விலை கூடும், ஆனால் முழுதாகச் சுருட்டி எடுக்கலாம். செடியைப் பிடுங்கியதும், உழவுக்கு முன்பே எடுத்தாக வேண்டும். பழைய சொட்டுநீர்க் குழாய், நாற்றங்கால் நிழல்வலை, உரச்சாக்கு இவற்றையும் வரப்பில் நைய விடக்கூடாது, கொளுத்தவும் கூடாது. வைக்கோலும் கரும்புச் சோகையும் கிடைக்கிற இடத்தில் ஷீட்டே வேண்டியதில்லை என்று இப்போதெல்லாம் சொல்கிறேன்.

அன்று இருவரும் குனிந்து பொறுக்கினோம். ஒரு மணி நேரத்தில் உரச்சாக்கில் பாதி நிறைந்தது. விரல்நுனிக்குச் சிக்காத கறுப்புத் துணுக்குகள் மண்ணிலேயே கிடந்தன. மேற்கே மறுபடி சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி மம்பட்டியை எடுத்துக்கொண்டு வடிகால் வாயை அடைக்கப் போனார்.