ரெண்டே சீட்டு

டாப் இல்லாத காரை நீங்கள் எங்கே பார்த்திருப்பீர்கள்? ஒன்று, பழைய சினிமாவில். கதாநாயகன் ரோட்டைப் பார்க்காமல் கதாநாயகியைப் பார்த்துப் பாடிக்கொண்டே போவார். இன்னொன்று, மாப்பிள்ளை அழைப்பில். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் திறந்த கார் என்றால் மாப்பிள்ளை கார்தான். கழுத்தில் மாலை இல்லாமல் ஒருத்தன் அதில் போனால் ஊர் சும்மா விடுமா?

என் பெரியப்பா மகன் போனான். சென்னையில் வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்து இந்த ஒரே ஆசைதான். ஒரு கை மாறிய பிஎம்டபிள்யூ இசட்4 வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு பாளையங்கோட்டை வந்துவிட்டான். 3 லிட்டர் இன்ஜின், 306 குதிரைத் திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஐந்து நொடி சொச்சம். பட்டனை அழுத்தினால் அலுமினியக் கூரை இரண்டாக மடிந்து டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்கு 20 நொடி. கூரை உள்ளே போனதும் 310 லிட்டர் டிக்கி 180 லிட்டராகச் சுருங்கிவிடும். அப்புறம் ஒரு பெட்டி, ஒரு அல்வா பார்சல், அவ்வளவுதான்.

இது ஜெர்மனியில் முழுசாகச் செய்து கப்பலில் வந்த வண்டி. இந்த ரகக் கார்களுக்கான சுங்க வரியை 2013 பட்ஜெட்டில் 75 சதவீதத்திலிருந்து 100 ஆக்கினார்கள். ஒரு காருக்குக் காசு, அதே அளவு வரிக்குக் காசு. ஆனால் உட்காருவதற்கு மட்டும் ரெண்டே ரெண்டு சீட்டு!

மூடிய காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு போனால் ஊர் என்ன பேசுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. திறந்த காரில் எல்லாம் காதில் விழும். ஜங்ஷன் சிக்னலில் நின்றோம். பக்கத்து ஆட்டோவிலிருந்து ஒரு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “பாவம், டாப்பு வாங்கக் காசு பத்தல போலிருக்கு.” டீக்கடையில் ஒருவர், “மாப்ள அழைப்புக்கு விடுவியளா தம்பி? நாள் வாடகை எவ்வளவு?” என்றார். அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. போதாக்குறைக்கு ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அடியில் தட்டிவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்வாக ஏற்றி இறக்கினான்.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. அவனுடைய கவலையே வேறு. பெரியப்பா அந்தக் காரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பெரியப்பா பஸ் டிரைவர். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்திலிருந்தே திருநெல்வேலி–பாபநாசம் ரூட்டில் ஓட்டியவர். ஆயுசு முழுக்க ஊரையே ஏற்றிக்கொண்டு போன மனுஷன். வீட்டில் ஒரு சைக்கிள் தவிர வண்டி கிடையாது. ஆனால் லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். மகனின் காரை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“ஏல, ஒங்கம்மை எங்கல உக்காருவா?”

அண்ணனிடம் பதில் இல்லை. பெரியப்பா விடவில்லை. “சுலோசன முதலியார் இருந்தாருல்லா... கலெக்டர் ஆபீஸ்ல வேல பாத்த மனுசன். கைக்காசைப் போட்டு ஆத்துக்குக் குறுக்க பாலம் கட்டுனாரு. 1843ல. இன்னைக்கும் ஊரே அதுலதான் போகுது. காசு செலவழிச்சா அப்படிலா செலவழிக்கணும்.”

கார் வாங்கினவனுக்கும் பாலம் கட்டினவருக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அண்ணனுக்கு மட்டும் அது எங்கேயோ குத்திவிட்டது. ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

காலையில் எழுந்ததும் சாவியைக் கொண்டுபோய்ப் பெரியப்பா கையில் வைத்தான். “நீங்க ஓட்டுங்கப்பா. பக்கத்துல அம்மை உக்காரட்டும். நாங்க பைக்ல வாறோம்.”

ஆனி மாதம். பொதிகை மலையில் மேகம் இறங்கி, சாரல் காற்று இந்தப் பக்கம் வீச ஆரம்பித்திருந்த நேரம். எங்கள் ஊரில் கூரையைத் திறக்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது. பங்குனி, சித்திரையில் திறந்தால் மண்டை வெந்துவிடும்.

முதலில் பெரியப்பாவின் இடது கால் இல்லாத கிளட்சைத் தேடியது. கியர் போட்டே பழகிய கை சும்மா இருக்கத் தெரியாமல் தவித்தது. “என்னடே, தரையில உக்காந்து ஓட்டுத மாதிரில்லா இருக்கு!” என்றார். சுலோசன முதலியார் பாலம் தாண்டி, டவுன், பேட்டை தாண்டியதும் வண்டி அவர் சொன்ன பேச்சைக் கேட்டது. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி... 306 குதிரையையும் கட்டிப்போட்டு 50 கிலோமீட்டர் வேகத்திலேயே ஓட்டினார். பழைய பஸ் ஸ்டாப் ஒவ்வொன்றிலும் அவர் கால் தானாகவே பிரேக்குக்குப் போனதைப் பின்னால் வந்த நாங்கள் சிவப்பு லைட்டில் பார்த்தோம். முக்கால் கோடி ரூபாய் ரகக் காரின் முதலாளி, எண்ணெய்ப் புகை கக்குகிற என் பைக்கில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தான்.

பாபநாசம் படித்துறையில் பெரியம்மை மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தாள். “எப்படி இருந்துச்சு பெரியம்மை?” என்றேன்.

“நானும் எத்தனையோ தடவ அவுக பஸ்ல இதே பாபநாசத்துக்கு வந்துருக்கேன்யா. பொம்பளையாள் சீட்டுல உக்காந்து அவுக முதுகத்தான் பாத்துருக்கேன். ஓட்டும்போது மொகம் எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாத்தேன்.”

பெரியப்பா காதில் விழாதது மாதிரி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அண்ணன் சென்னை கிளம்பும்போது, “வண்டிய இங்கயே விட்டுட்டுப் போகவாப்பா?” என்று கேட்டான்.

“வேண்டாம்டே. ஸ்பீடு பிரேக்கர்ல அடி வாங்கும்” என்றார் பெரியப்பா. தோளில் கிடந்த துண்டை எடுத்து, பனி படிந்திருந்த முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அடுத்த வருசம் சாரலுக்குக் கொண்டா.”